வானத்தில் ஒரு கரிய மாணிக்கம்!

மே மாதம். கத்திரி வெயில் காலம். இரவு எட்டு மணிக்கு கரன்ட் போய்விட்டால் கரியமாணிக்கத்தில் வீட்டுக்குள் யாராலும் உட்கார முடியாது. பாயும் தண்ணீர்ச் சொம்புமாக மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார்கள்.

புதுச்சேரியின் நெட்டப்பாக்கம், பாகூர் பக்கத்து ஊர் இது. சுற்றிலும் நெல்லும் கரும்பும்தான். பகலெல்லாம் குடித்த வெயிலை மாடித் தளம் ராத்திரி வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு மாடியில், ஆயாவுக்கும் பேத்திக்கும் நடுவே இப்படி ஒரு பேச்சு எழுந்தால் ஆச்சரியமில்லை.

"ஆயா, நம்ம ஊருக்கு ஏன் கரியமாணிக்கம்னு பேரு?"

"அது பெருமாள் பேருடி. கருப்பா, மாணிக்கம் மாதிரி ஜொலிப்பாராம்."

"மாணிக்கம் செவப்பாத்தானே இருக்கும்? கருப்பா எப்படி இருக்கும்?"

"எனக்கென்னடி தெரியும், ஒங்க டீச்சரைக் கேளு. யப்பா, என்னா சூடு! இதவிட சூடான இடம் எங்கனா இருக்குமா?"

பேத்தியின் கேள்வியும் ஆயாவின் கேள்வியும் வேறு வேறு போலத் தெரிகின்றன. ஆனால், இரண்டுக்கும் பதில் ஒரே திசையில்தான் இருக்கிறது. படுத்திருக்கும் பாயிலிருந்து நேராக மேலே!

மகத்திலிருந்து ஒரு சாண்

மே மாத இரவு எட்டு மணிக்கு உச்சிவானத்திலிருந்து சற்று மேற்கே தள்ளிப் பாருங்கள். பளிச்சென்று ஒரு நட்சத்திரம் தெரியும். அதுதான் மகம். இப்போது கையை நன்றாக நீட்டி, விரல்களை விரித்துச் சாண் பிடியுங்கள். மகத்திலிருந்து தெற்குப் பக்கமாக ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. பைனாகுலர் வேண்டும். விஞ்ஞானிகளின் பட்டியலில் அதன் பெயர் எச்டி 86081.

அந்த நட்சத்திரத்தை ஒரு கிரகம் சுற்றுகிறது. நம் சூரியனைச் சுற்றாமல் வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தைப் புறக்கோள் என்பார்கள். இதுவரை 6,000-க்கும் மேற்பட்ட புறக்கோள்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. அத்தனையில் இந்த ஒன்றுக்கு மட்டும் நம்மோடு தனி உறவு உண்டு. இதற்குப் பெயர் வைத்ததே இந்தியாதான்!

2019-ம் ஆண்டு சர்வதேச வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டைக் கொண்டாடியது. அப்போது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதன் கிரகத்தையும் ஒதுக்கி, 'உங்கள் மக்களிடம் கேட்டுப் பெயர் வையுங்கள்' என்றது. இந்தியாவுக்குக் கிடைத்தது எச்டி 86081. போட்டி நடந்தது. நட்சத்திரத்துக்கு 'பிபா' என்ற பெயரும், கிரகத்துக்கு 'சந்தமஸா' என்ற பெயரும் தேர்வாகின. சந்தமஸா என்ற பெயரை அனுப்பியது புனேயில் படித்த 13 வயது மாணவர். சமஸ்கிருதத்தில் மேகம் சூழ்ந்தது, இருள் சூழ்ந்தது என்று பொருள். பிபா யார் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

பிபா நம்மிடமிருந்து சுமார் 340 ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கிறது. அதாவது, இன்றைக்கு பைனாகுலரில் விழும் அதன் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி சுமார் 340 வருடங்கள் ஆகிவிட்டன. அது கிளம்பிய காலத்தில், பிரான்சுவா மார்ட்டின் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் வியாபாரத்தை ஊன்றிப் பத்து வருடங்கள்தான் ஆகியிருந்தன.

நாலு மாதத்தில் அறுபதாம் கல்யாணம்

சந்தமஸா தன் நட்சத்திரத்தை ஒரு முறை சுற்றிவர எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டு நாள், மூன்றே கால் மணி நேரம். அதுதான் அங்கே ஒரு வருடம். இங்கே ஒரு பொங்கலுக்கும் அடுத்த பொங்கலுக்கும் நடுவில், அங்கே 170 பொங்கல் போய்விடும். நம்மூர்க் கணக்கில் 12 வயதுப் பிள்ளைக்கு அங்கே 2,050 வயது. பிறந்த நாலே கால் மாதத்தில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளலாம்!

இவ்வளவு சீக்கிரம் சுற்றுகிறது என்றால், நட்சத்திரத்துக்கு மிக அருகில் இருக்கிறது என்று அர்த்தம். பூமி சூரியனிலிருந்து 15 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. சந்தமஸா தன் நட்சத்திரத்திலிருந்து வெறும் 52 லட்சம் கி.மீ. தூரத்தில் இருக்கிறது. நம் புதன் கிரகம் சூரியனுக்கு எவ்வளவு பக்கமோ, அதைவிடப் பதினோரு மடங்கு பக்கம். அது ஓடும் வேகம் நொடிக்கு 170 கி.மீ.க்கும் அதிகம். புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு ஒரு நொடி கூட ஆகாது.

அங்கிருந்து பார்த்தால் அந்த நட்சத்திரம் நம் சூரியனைவிட முப்பது மடங்குக்கு மேல் அகலமாகத் தெரியும். நம் தலையில் விழும் வெயிலைப்போல ஆயிரம் மடங்குக்கும் அதிகமான வெயில் அங்கே விழுகிறது. வெப்பம் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் இருக்கலாம் என்பது கணக்கு. அடுப்படியிலிருந்து ஓர் அலுமினியக் குண்டானை எடுத்துப் போனால், 660 டிகிரியிலேயே உருகிவிடும். தங்கத் தாலி 1,064 டிகிரியில் உருகும். செம்புக் குடம் 1,085 டிகிரியில் உருகும். ஆயா கேட்ட கேள்விக்கு பதில் கிடைத்துவிட்டது.

தட்டாமாலை சொன்ன சேதி

சரி, இதுவரை யாரும் போகாத, கண்ணால் பார்க்காத ஒரு கிரகத்தைப் பற்றி இவ்வளவும் எப்படித் தெரிந்தது?

தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். ஒரு பெரியவர் சின்னப் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சுற்றினால், பிள்ளை பெரிய வட்டமாகச் சுற்றும். பெரியவரும் நின்ற இடத்திலேயே நிற்க மாட்டார். பின்னால் சாய்ந்து, ஒரு சின்ன வட்டம் போடுவார். இருட்டில் பிள்ளை தெரியாவிட்டாலும், பெரியவர் அசைவதைப் பார்த்தே அவர் கையில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

பிபா நட்சத்திரமும் அப்படித்தான் அசைகிறது. நம்மை நோக்கிக் கொஞ்சம், நம்மைவிட்டு விலகிக் கொஞ்சம் என்று மாறி மாறி. அந்த அசைவின் வேகம் நொடிக்கு சுமார் 207 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு விமானத்தின் வேகம். நட்சத்திரம் நம்மை நெருங்கும்போது அதன் ஒளி துளி நீலப் பக்கமும், விலகும்போது துளி சிவப்புப் பக்கமும் நகரும். நம்மைக் கடந்து போகும் பஸ்ஸின் ஹாரன் சத்தம், வரும்போது ஒரு மாதிரியும் போகும்போது ஒரு மாதிரியும் கேட்கிறதே, அதேபோல்தான். ஹவாய் தீவின் கெக் தொலைநோக்கி பதிவு செய்த இந்த அசைவை வைத்துத்தான் 2006-ல் இந்தக் கிரகம் கண்டுபிடிக்கப்பட்டது.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை அசைகிறது என்பதிலிருந்து கிரகத்தின் வருடம் தெரிந்துவிடும். எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதிலிருந்து கிரகத்தின் எடை தெரிந்துவிடும். சந்தமஸா நம் வியாழனைப்போலக் குறைந்தது ஒன்றரை மடங்கு எடை. அதாவது 470 பூமிகளைச் சேர்த்து வைத்த கனம். இப்படி வியாழன் போன்ற பெரிய உருவத்தோடு, நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றும் கிரகங்களை 'சூடான வியாழன்கள்' என்று அழைக்கிறார்கள்.

நிற்க மண் இல்லை

அங்கே இறங்கினால் என்ன நடக்கும்? முதல் பிரச்னை, இறங்குவதற்குத் தரையே இருக்காது. வியாழனைப்போல இதுவும் பெரும்பாலும் வாயுவாலான உருண்டை என்றே கருதப்படுகிறது. கீழே போகப்போக அழுத்தமும் சூடும் கூடிக்கொண்டே இருக்கும். கால் ஊன்ற இடம் கிடைக்காது.

இரண்டாவது பிரச்னை, அங்கே இரவும் பகலும் மாறி மாறி வராது. நிலாவைக் கவனித்திருப்பீர்கள். எந்தப் பௌர்ணமியில் பார்த்தாலும் அதே பாட்டி, அதே வடை. நிலா தன் ஒரே முகத்தைத்தான் பூமிக்குக் காட்டுகிறது. நெருக்கமாகச் சுற்றும்போது ஈர்ப்பு விசை இப்படிக் கட்டிப்போட்டுவிடும். சந்தமஸாவும் தன் நட்சத்திரத்துக்கு ஒரே முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படியானால் ஒரு பாதியில் எப்போதும் உச்சி வெயில், மறு பாதியில் எப்போதும் நடுராத்திரி. கரன்ட் வரும் வரை காத்திருக்கலாம், பொழுது சாயும் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சந்தமஸாவைப் பற்றி நேரடியாக அளந்து தெரிந்துகொண்டவை அதன் வருடமும், குறைந்தபட்ச எடையும், அது சுற்றும் பாதையும்தான். வெப்பம் கணக்குப் போட்டுச் சொன்னது. அதன் நிறம், காற்று, மேகம் எல்லாம் எளிதில் தெரிய வேண்டுமானால், அந்தக் கிரகம் நமக்கும் அதன் நட்சத்திரத்துக்கும் குறுக்கே கடந்துபோக வேண்டும். சந்தமஸா சுற்றும் கோணம் அதற்குத் தோதாக அமையவில்லை.

ஆனால், அதன் உறவுக்காரக் கிரகங்கள் சில அப்படிக் குறுக்கே கடக்கின்றன. ஒரு வீட்டுப் பெண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள அவள் அக்கா தங்கைகளை விசாரிப்பது போல, அவற்றிடம் விசாரித்திருக்கிறார்கள் விஞ்ஞானிகள்.

இதோ, கரிய மாணிக்கம்!

ஒரு கிரகம் நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது, நட்சத்திரத்தின் வெளிச்சம் நூறில் ஒரு பங்கு அளவுக்கு மங்கும். அந்த நேரத்தில் நட்சத்திர ஒளியின் சிறு பகுதி கிரகத்தின் காற்று மண்டலத்தில் நுழைந்து, வடிகட்டப்பட்டு நம்மிடம் வரும். அதை வானவில்லைப்போல நிறம் நிறமாகப் பிரித்தால், சில இடங்களில் ஒளி குறைந்திருக்கும். எந்த நிறத்தில் குறைகிறது என்பதை வைத்து அங்கே என்ன வாயு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று ஒரு கைரேகை வைத்திருக்கிறது.

டிரெஸ்-2பி என்று ஒரு கிரகம். சுமார் 700 ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கும் ஒரு சூடான வியாழன். 2006-ல் கண்டுபிடிக்கப்பட்டது. கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி இதன் நட்சத்திரத்தைத் தொடர்ந்து கவனித்தது. கிரகத்தின் பகல் பக்கம் நம்மை நோக்கித் திரும்பும்போது மொத்த வெளிச்சம் எவ்வளவு கூடுகிறது என்று அளந்தார்கள். பத்து லட்சத்தில் ஆறேழு பங்குதான் கூடியது! டேவிட் கிப்பிங், டேவிட் ஸ்பீகல் என்ற இரு விஞ்ஞானிகள் 2011-ல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து அதிசயித்தார்கள். தன்மேல் விழும் ஒளியில் நூறில் ஒரு பங்கைக்கூட அந்தக் கிரகம் திருப்பி அனுப்பவில்லை. நம் வியாழன் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் திருப்பி அனுப்புகிறது. டிரெஸ்-2பி, கரியைவிடக் கருப்பு. நாம் சுவருக்கு அடிக்கும் கருப்பு பெயின்ட்கூட அதன் முன்னால் வெளுப்புதான்.

ஏன் இவ்வளவு கருப்பு? நம் வியாழனில் வெள்ளையும் பழுப்புமாக அமோனியா மேகங்கள் இருக்கின்றன. அவை ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. ஆயிரம் டிகிரி சூட்டில் அந்த மேகங்கள் நிற்காது. ஆவியாகிப் போன சோடியம், பொட்டாசியம் போன்றவை ஒளியை விழுங்குகின்றன என்பது ஒரு விளக்கம். ஆனால், அது மட்டும் முழுக் கருப்புக்கும் காரணமாகப் போதவில்லை.

இதில் அழகான விஷயம் ஒன்று உண்டு. ஆயிரம் டிகிரி என்பது செங்கல் சூளையின் சூடு. அந்தச் சூட்டில் எந்தப் பொருளும் தானாகவே சிவந்து ஒளிரும். தெருமுனையில் இஸ்திரி போடுபவரின் பெட்டிக்குள் இருக்கும் கரியை நினைத்துக்கொள்ளுங்கள். கரி கருப்புதான். ஆனால், உள்ளே கங்கு கனன்றுகொண்டிருக்கும். டிரெஸ்-2பி அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். கன்னங்கரேலென்ற ஓர் உருண்டை, அதற்குள் மங்கலான செம்மை.

கருப்பாக ஒரு மாணிக்கம் எப்படி இருக்கும் என்று கேட்ட பேத்திக்கு இதுதான் பதில்!

மாணிக்க மேகம், கண்ணாடி மழை

நிறத்தில் மட்டும் மாணிக்கம் இல்லை. நிஜ மாணிக்கத்தின் பொருளே மேகமாக மிதக்கலாம் என்று கருதப்படும் கிரகமும் இருக்கிறது. அதன் பெயர் ஹேட்-பி-7பி. ஆயிரம் ஒளி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தூரம். பகல் பக்கத்து வெப்பம் 2,500 டிகிரியை ஒட்டி இருக்கிறது.

இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் 2016-ல் இதைப் பற்றி ஒரு தகவல் வெளியிட்டார்கள். கிரகத்தின் மிகப் பிரகாசமான பகுதி ஒரே இடத்தில் இல்லாமல், நாளாக ஆக இடம் மாறிக்கொண்டே இருந்தது. பலத்த காற்று மேகங்களை இராப் பக்கத்திலிருந்து பகல் பக்கத்துக்குத் தள்ளுகிறது, காற்றின் வேகம் மாறும்போது பிரகாசமும் இடம் மாறுகிறது என்று விளக்கம் சொன்னார்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் மேகம் உருவாக முடியாது. குருந்தக்கல் என்ற தாதுப்பொருள்தான் மேகமாகத் திரண்டிருக்கக்கூடும். குருந்தக்கல்லில் துளி குரோமியம் கலந்தால் அதுதான் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல்.

இன்னொரு உறவுக்காரக் கிரகம் எச்டி 189733பி. சுமார் 65 ஒளி ஆண்டு தூரம். ஹப்பிள் தொலைநோக்கி 2013-ல் இதன் நிறத்தைக் கண்டுபிடித்தது. ஆழ்ந்த நீலம். பார்த்தால் கடல் இருக்கும் என்று தோன்றும். கடல் கிடையாது. மண்ணில் இருக்கும் மணலைப் போன்ற சிலிக்கேட் துகள்கள், காற்றில் கண்ணாடித் துகள்களாகப் பறந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த நீலம் என்று கருதுகிறார்கள். காற்றின் வேகம் மணிக்கு 8,700 கி.மீ. வரை.

இந்த வட்டாரத்துக்காரர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே 'தானே' புயல் கரை கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 140 கி.மீ. வரை இருந்தது. அதற்கே பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன. அந்தக் கிரகத்தின் காற்று அதைப்போல அறுபது மடங்கு வேகம். மழை அங்கே மேலிருந்து கீழே விழாது. கண்ணாடிச் சில்லாகப் பக்கவாட்டில் பாயும். போதாக்குறைக்கு, அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் அங்கே இருப்பதாக ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகளிலிருந்து 2024-ல் தெரியவந்தது.

ஃபார்வர்ட் செய்யும் முன்

இந்தக் கிரகங்களின் வண்ண வண்ணப் படங்கள் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். 'நாசா எடுத்த போட்டோ' என்ற வரியோடு. ஆனால், இந்தச் சூடான வியாழன்களில் ஒன்றைக்கூட அப்படி அருகிலிருந்து யாரும் போட்டோ எடுத்ததில்லை. விஞ்ஞானிகளுக்குக் கிடைப்பது ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒரு வளைந்த கோடுதான். படம், அந்தக் கோட்டைப் படித்துவிட்டு ஓவியர் வரைந்தது.

படித்ததே தவறாகப் போவதும் உண்டு. 1855-ல் மெட்ராஸ் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஓபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் பாதையில் ஒரு தடுமாற்றம் இருப்பதாகவும், அதற்கு ஒரு கிரகம் காரணமாக இருக்கலாம் என்றும் எழுதினார். வேறு நட்சத்திரத்துக்குக் கிரகம் இருக்கிறது என்று அளவுகளோடு சொன்ன மிகப் பழைய அறிவிப்புகளில் ஒன்று, நம் நுங்கம்பாக்கத்திலிருந்து கிளம்பியது! தினமும் செய்தியில் 'நுங்கம்பாக்கத்தில் இத்தனை டிகிரி வெயில்' என்று வருகிறதே, அந்த வானிலை மையத்தின் வளாகத்தில்தான் அந்தப் பழைய வானாய்வகம் இருந்தது. அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. ஜேக்கப் சொன்ன கிரகம் பிற்பாடு இல்லையென்று ஆனது. ஆனால், நட்சத்திரத்தின் அசைவைப் பார்த்துக் கிரகத்தைத் தேடலாம் என்ற அவர் யோசனை வீணாகவில்லை. 140 ஆண்டுகள் கழித்து, 1995-ல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் அசைவை வைத்துத்தான் 51 பெகாசி பி என்ற சூடான வியாழனைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

'வைர கிரகம்' என்று ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதன் கதையும் இதுதான். 55 கேன்க்ரி இ என்ற கிரகத்தின் உள்ளே நிறைய கார்பன் வைரமாக இருக்கக்கூடும் என்று, இந்தியாவில் படித்து அமெரிக்கா சென்ற விஞ்ஞானி நிக்கு மதுசூதன் குழுவினர் 2012-ல் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். பிறகு வந்த அளவீடுகள் அந்தக் கணக்கின்மேல் சந்தேகத்தைக் கிளப்பின. உருகிய பாறைக் குழம்பின் மேல் கார்பன் வாயுக்கள் கலந்த காற்று மண்டலம் இருக்கலாம் என்று 2024-ல் ஜேம்ஸ் வெப் தரவுகள் காட்டின. விஞ்ஞானிகள் மாற்றிக்கொண்டார்கள். ஃபார்வர்ட் செய்தி மட்டும் இன்னும் மாறவில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் மூன்று வார்த்தைகளைத் தேடுங்கள். 'அளந்தார்கள்' என்றால் நம்பலாம். 'கணக்கிட்டார்கள்' என்றால் நம்பிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கலாம். 'இருக்கலாம்' என்றால் ரசித்துவிட்டு நகரலாம்.

பிபா யார்?

இனி, நட்சத்திரத்தின் பெயருக்கு வருவோம். பிபா என்றால் வங்காள உச்சரிப்பில் ஒளிக்கற்றை. அது ஒரு பெண்ணின் பெயரும்கூட. பிபா சௌதுரி. 1913-ல் பிறந்த இந்திய இயற்பியல் விஞ்ஞானி.

வானத்திலிருந்து பூமிமேல் ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களை அவர் ஆராய்ந்தார். தன் பேராசிரியர் டி.எம். போஸுடன் சேர்ந்து, டார்ஜிலிங் பக்கத்து மலை உயரங்களில் போட்டோ தகடுகளை மாதக்கணக்கில் வைத்துவிட்டு எடுத்துவந்து பார்த்தார். மீசான் என்ற நுண்துகள்கள் ஓடிய தடங்கள் அவற்றில் பதிந்திருந்தன. 1940-களின் தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் அந்த முடிவுகள் வெளிவந்தன. இன்னும் துல்லியமாக அளக்க நல்ல தகடுகள் தேவைப்பட்டன. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் அவை கிடைக்கவில்லை. வேலை அங்கே நின்றது. பின்னர், அதே மாதிரியான முறையில் மேம்பட்ட தகடுகளை வைத்து இங்கிலாந்தின் செசில் பவல் மீசான்களை ஆராய்ந்தார். 1950-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிபா சௌதுரி மான்செஸ்டரில் டாக்டர் பட்டம் முடித்துத் திரும்பினார். ஹோமி பாபா தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் பெண் ஆராய்ச்சியாளர் ஆனார். பிறகு ஆமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றினார். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலின் ஆழத்தில் நடந்த ஆய்வுகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1991-ல் காலமானார். வாழ்ந்த காலத்தில் அவர் பெயர் வெளியே அதிகம் தெரியவில்லை. அவர் வாழ்க்கையைத் தேடி எடுத்து 2018-ல் ஒரு புத்தகம் வந்தது. 'தோண்டியெடுக்கப்பட்ட ஒரு மாணிக்கம்' என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்திருந்தார்கள். அடுத்த வருடமே அவர் பெயரை ஒரு நட்சத்திரத்துக்குச் சொன்னவர், சூரத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர்.

பிபா வேலை பார்த்த அதே ஆமதாபாத் ஆய்வகம்தான் இன்று இந்தியாவின் புறக்கோள் வேட்டையை நடத்துகிறது. ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் இருக்கும் அதன் தொலைநோக்கி மூலம், 2021-ல் டிஓஐ-1789பி என்ற சூடான வியாழனை அபிஜித் சக்ரவர்த்தி தலைமையிலான குழு கண்டுபிடித்தது. 725 ஒளி ஆண்டு தூரம். அங்கே 3.2 நாளுக்கு ஒரு வருடம். தட்டாமாலை முறையில்தான் அதன் எடையை அளந்தார்கள்.

பெயர் வைக்கும் போட்டியை 2022-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் மறுபடி நடத்தியது. இனிமேலும் நடக்கலாம். பேர் வைக்காத சூடான கிரகங்கள் வானத்தில் ஏராளமாக இருக்கின்றன. அதில் ஒன்று கரியைவிடக் கருப்பு, உள்ளே கங்கு போலச் சிவப்பு. அதற்கு என்ன பெயர் பொருத்தமாக இருக்கும் என்று உலகம் கேட்டால், பாகூர் பக்கத்து மாடியிலிருந்து ஒரு பேத்தி தன் ஊர்ப் பெயரையே எழுதி அனுப்பலாம்.